பிறந்த குழந்தையின் ஈறில் ஒரு கட்டி... எங்கிருந்து வந்தது? 150 வருஷமா பதில் தேடும் மருத்துவர்கள்!

பிரசவம் நல்லபடியாக முடிந்துவிட்டது. குழந்தை அழுதாச்சு, எடை பார்த்தாச்சு, துணியில் சுற்றியாச்சு. ‘யார் ஜாடை?’ என்று எட்டிப் பார்க்க பாட்டி வெளியே தயாராக நிற்கிறார். அப்போதுதான் நர்ஸ் கண்ணில் அது படுகிறது. குழந்தை வாயைத் திறந்து வீறிடும்போது, மேல் ஈறிலிருந்து இளஞ்சிவப்பாக, வழவழவென்று ஓர் உருண்டை வெளியே தொங்குகிறது.

சில குழந்தைகளுக்கு அது பட்டாணி அளவுதான் இருக்கும். சிலருக்கு நெல்லிக்காய் அளவு. உதட்டையே மூட முடியாத அளவுக்குப் பெரிதாக, 9 சென்டிமீட்டர் வரை வளர்ந்த கட்டிகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிறந்து சில நிமிடமே ஆன குழந்தையின் முகத்தில் இப்படி ஒன்றைப் பார்க்கிற எந்த அப்பா அம்மாவுக்கும் முதலில் வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: ‘டாக்டர், கேன்சரா?’

இல்லை. இந்தக் கட்டியின் பெயர் ‘கன்ஜெனிட்டல் எபுலிஸ்’. புற்றுநோயாக மாறியதாக இதுவரை ஒரு பதிவுகூட இல்லை. வெட்டி எடுத்தபிறகு திரும்ப வளர்ந்ததாகவும் பதிவு இல்லை. பிறந்த பிறகு இது வளர்வதும் இல்லை. சிலருக்குத் தானாகவே சுருங்கியும் போகிறது.

இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் ஒரு கட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இருக்கிறது. இது உடம்பின் எந்த திசுவிலிருந்து முளைக்கிறது என்ற சின்னக் கேள்விக்கு, முதன்முதலில் விவரிக்கப்பட்டு 150 வருடங்களுக்கு மேல் ஆகியும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடைக்கவில்லை. இன்னொன்று, இதே இடத்தில் வருகிற வேறு சில கட்டிகள் இவ்வளவு சாது கிடையாது. எது எந்த திசுவிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எதைச் சும்மா விடலாம், எதை விடக் கூடாது என்று முடிவெடுக்க முடியும்.

1871, கோனிக்ஸ்பெர்க்

‘எபுலிஸ்’ என்றால் கிரேக்க மொழியில் ‘ஈறின் மேல்’ என்று அர்த்தம். அவ்வளவுதான். பெயரே இடத்தைத்தான் சொல்கிறது, என்ன திசு என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறந்த குழந்தையின் ஈறில் வரும் இந்தக் கட்டியை முதலில் மருத்துவ உலகுக்கு விவரித்தவர் எர்ன்ஸ்ட் நியூமன் என்ற ஜெர்மன் நோய்க்கூறியல் நிபுணர். வருடம் 1871. ஊர், அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க், அதாவது இன்று ரஷ்யாவிடம் இருக்கும் கலினின்கிராட். இந்த நியூமன் சாதாரண ஆள் இல்லை. ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில்தான் உற்பத்தியாகின்றன என்று 1868-லேயே சொன்னவர். இன்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற அந்த விஷயத்தை அன்று பலர் நம்பவே இல்லை. ஈறுக் கட்டிக்கு ‘நியூமன் கட்டி’ என்ற பெயரும் இன்றுவரை உண்டு.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இதன் அடையாளம் சட்டென்று தெரிந்துவிடும். பெரிய பெரிய செல்கள், ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு இருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ரவையைக் கொட்டி வைத்ததுபோல மணி மணியான துகள்கள். இடையிடையே நிறைய மெல்லிய ரத்தக்குழாய்கள். மேலே போர்த்தியிருக்கும் தோல் மெலிந்து தட்டையாக இருக்கும்.

இந்த ‘ரவைத் துகள்’தான் மருத்துவர்களைப் பல பத்தாண்டுகள் தப்பான ரூட்டில் கொண்டுபோனது.

லெனின் உடலைத் தொட்ட கையும் ஒரு தப்புக் கணக்கும்

1926-ல் மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்ஸி அப்ரிகோசோவ் என்ற நிபுணர், பெரியவர்களின் நாக்கில் வருகிற ஒரு கட்டியை விவரித்தார். அதிலும் இதே பெரிய செல்கள், இதே ரவைத் துகள்கள். (இரண்டு வருடம் முன்பு லெனின் இறந்தபோது பிரேதப் பரிசோதனை செய்தவர் இவர்தான். இவருடைய மகன் 2003-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கினார். குடும்பமே அப்படி.)

நாக்கு என்பது முழுக்க தசை. கட்டி தசைக்கு நடுவே இருக்கிறது. ஆக, இது தசை செல்லிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அப்ரிகோசோவ் நினைத்தார். ‘மயோபிளாஸ்ட்’, அதாவது இளம் தசை செல் என்ற சொல் கட்டியின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. குழந்தையின் ஈறுக் கட்டியும் பார்க்க அச்சு அசலாக இதேபோல இருந்ததால், அதையும் தூக்கி இதே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். குழந்தைக்கு வந்தால் ‘பிறவி மயோபிளாஸ்டோமா’, பெரியவர்களுக்கு வந்தால் சும்மா ‘மயோபிளாஸ்டோமா’. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. பிற்காலத்தில் திசுக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் புதிய முறை வந்தது. ஒவ்வொரு வகை செல்லும் சில குறிப்பிட்ட புரதங்களைத் தயாரிக்கும். அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு ஆன்ட்டிபாடியைச் செலுத்தி, அது ஒட்டிய இடம் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். ஒருவகையில் செல்லின் ஆதார் அட்டையைச் சரிபார்க்கிற மாதிரி.

அப்படிப்பட்ட புரதங்களில் ஒன்று எஸ்-100. 1965-ல் மாட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 100 சதவீதம் செறிவான அமோனியம் சல்ஃபேட் கரைசலிலும் கரைந்ததால் இந்த விசித்திரப் பெயர். நரம்பு இழைகளைச் சுற்றி உறைபோல இருக்கும் ‘ஷ்வான்’ செல்களில் இது நிறையக் கிடைக்கும்.

அப்ரிகோசோவின் நாக்குக் கட்டியில் எஸ்-100 சோதனை செய்தபோது பளிச்சென்று பாசிட்டிவ். அதாவது அது தசைக் கட்டியே இல்லை, நரம்பு உறையின் கட்டி! ‘மயோபிளாஸ்டோமா’ என்ற பெயர் இப்படித்தான் ஓய்வு பெற்றது.

சரி, குழந்தையின் ஈறுக் கட்டி? அதே சோதனை. நெகட்டிவ்.

பார்க்க இரட்டையர் மாதிரி இருந்த இரண்டும் ரத்த சொந்தமே இல்லை. அந்தத் துகள்கள் என்ன என்று எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் ஏன் இந்தக் குழப்பம் வந்தது என்பது புரிந்தது. அவை ‘லைசோசோம்கள்’. செல்லுக்குள் சேரும் கழிவை உடைக்கிற சின்னச் சின்னப் பைகள். எந்த வகை செல்லாக இருந்தாலும், உள்ளே கழிவுப் பைகள் தேங்கினால் அது ரவை கொட்டினாற்போல்தான் தெரியும். மழைக்கோட்டு போட்ட இரண்டு பேரை ஒரே வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டதுபோல ஆகிவிட்டது விஷயம்.

சந்தேக வளையத்தில் யார் யார்?

தசை இல்லை, நரம்பு உறை இல்லை. அப்புறம் எது?

முதல் சந்தேகம் பல் மேல் விழுந்தது. கருவின் ஆறாவது வாரம் வாக்கில், வருங்கால ஈறின் மேல்தோல் ஒரு பட்டையாக உள்நோக்கி இறங்கும். அதிலிருந்துதான் மேலே 10, கீழே 10 என்று 20 பால்பற்களுக்கான மொட்டுகள் உருவாகின்றன. எபுலிஸ் வருவதும் சரியாக இந்த வரிசையில்தான். அதுவும் பெரும்பாலும் மேல் தாடையில், கோரைப்பல் அல்லது அதற்கு முந்தைய வெட்டுப்பல் வர வேண்டிய இடத்தில். கீழ்த் தாடையைவிட மேல் தாடையில் இது சுமார் இரண்டு மூன்று மடங்கு அதிகம். சில கட்டிகளுக்குள் பல் மொட்டின் மிச்சங்களும் கிடைத்திருக்கின்றன. வலுவான சாட்சியம்தான். ஆனால் பல் மொட்டு மேல்தோலிலிருந்து வருவது. மேல்தோல் செல் என்றால் ‘கெரட்டின்’ என்ற புரதம் இருக்க வேண்டும். ரவைச் செல்களில் அது இல்லை. ஆக, பல் மொட்டு சம்பவ இடத்தில் இருந்த சாட்சி மட்டும்தான் போலிருக்கிறது.

அடுத்து, ரத்தக்குழாயை ஒட்டி இருக்கும் செல்களைச் சொன்னார்கள். இணைப்புத் திசுவை உண்டாக்கும் ‘ஃபைப்ரோபிளாஸ்ட்’ செல்களைச் சொன்னார்கள். இன்று பலரும் சாய்வது ‘மெசென்கைம்’ பக்கம். அதாவது, தசையாகவோ எலும்பாகவோ கொழுப்பாகவோ என்னவாக ஆவது என்று இன்னும் முடிவெடுக்காத ஆதிநிலை இணைப்புச் செல்கள். இந்த வகை செல்களின் அடையாளமான ‘விமென்டின்’ புரதம் எபுலிஸில் இருக்கிறது. ஆனால் விமென்டின் நிறைய வகை செல்களில் இருக்கும் ஒன்று. ‘திருடன் சட்டை போட்டிருந்தான்’ என்று சொல்வதுபோல, தப்பில்லைதான், ஆனால் ஆளைப் பிடிக்க இது மட்டும் போதாது.

இன்னொரு சுவாரஸ்யமான சாட்சியம், பெண் குழந்தைகள். இந்தக் கட்டி ஆண் குழந்தை ஒருவருக்கு வந்தால் பெண் குழந்தைகள் எட்டு முதல் பத்துப் பேருக்கு வருகிறது. கூடவே, பிரசவம் ஆனதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் யாருக்கும் தோன்றுவது, அம்மாவின் ஹார்மோன். கருவில் இருக்கும்வரை அது குழந்தையை எட்டும். தொப்புள்கொடியை வெட்டியதும் சப்ளை கட். கேட்க ரொம்ப லாஜிக்கலாக இருக்கும் இந்தக் கருத்துக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களை உள்வாங்கும் ஏற்பிகளை இந்தக் கட்டிகளில் தேடிய ஆய்வுகளில் அவை கிடைக்கவில்லை. பூட்டே இல்லாத கதவைச் சாவி எப்படித் திறக்கும்?

இதையெல்லாம் பார்த்துவிட்டு, ‘இது கட்டியே இல்லையோ?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையான கட்டி என்றால் அது தன்பாட்டுக்கு வளர வேண்டும். இது வளர்ச்சியை நிறுத்துகிறது, சுருங்குகிறது, அரைகுறையாக வெட்டினாலும் திரும்ப வருவதில்லை. எனவே, கருவில் ஏதோ ஒரு கட்டத்தில் இளம் செல்கள் சிதைந்து லைசோசோம்களால் நிரம்பிவிட்ட ஒரு எதிர்வினைதான் இது என்கிறார்கள் அவர்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கட்டி வகைப்பாட்டில் இதற்குக் கொடுத்திருக்கும் பெயரும், பிறவியிலேயே வருவது, துகள் செல்கள் கொண்டது, ஈறின் மேல் இருப்பது என்று பார்ப்பதை மட்டும்தான் சொல்கிறது. மூலத்தைத் தொடவில்லை. புத்திசாலித்தனம்.

ஸ்கேன்ல ஏன் தெரியல?

ஒன்பது மாதமும் தவறாமல் செக்கப் போன தம்பதிக்கு வரும் நியாயமான கோபம் இது. ‘அஞ்சாம் மாச ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே!’

அந்த ஸ்கேன் தப்பில்லை. குழந்தையின் உறுப்புகளை விவரமாகப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படுகிறது. எபுலிஸ் பெரும்பாலும் அதற்குப் பிறகு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் கண்ணில் படும் அளவுக்கு வளர்கிறது. அப்போது ஸ்கேன் எடுத்தவர்களுக்கு, வாயிலிருந்து குமிழிபோல ஒன்று துருத்திக்கொண்டிருப்பது தெரிந்திருக்கிறது. சில சமயம் பனிக்குட நீர் அளவுக்கு மேல் இருப்பதே முதல் துப்பு. வயிற்றுக்குள் இருக்கும் சிசு பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கும். வாயைக் கட்டி அடைத்தால் விழுங்குவது குறையும், நீர் தேங்கும்.

இன்னொரு கேள்வியும் சில வீடுகளில் வரும். இது டாக்டரிடம் கேட்கப்படுவதில்லை, குழந்தை பெற்றவளிடம். ‘கிரகணத்தப்போ வெளிய வந்தியா?’, ‘என்னத்த சாப்ட்ட?’ கிரகணத்துக்கும் குழந்தையின் வாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அம்மா சாப்பிட்டதாலோ, தூக்கம் கெட்டதாலோ எபுலிஸ் வந்தது என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. இது பரம்பரை நோயாகவும் கருதப்படுவதில்லை. பிரசவ வலியே இன்னும் அடங்காத பெண்ணிடம் இந்த விசாரணை தேவையா?

முதல் மணி நேரத்தில் என்ன பார்ப்பார்கள்?

மூச்சும் பாலும். இந்த இரண்டும்தான்.

நல்லவேளையாக, பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சு விடும். அதனால் வாயை நிறைத்துக்கொண்டு கட்டி இருந்தாலும் நிறைய குழந்தைகளுக்கு மூச்சு விடுவதில் சிக்கல் வருவதில்லை. கட்டி பின்னோக்கித் தொண்டைப் பக்கம் சரிந்தால்தான் ஆபத்து. அந்த நிலையில் மயக்க மருந்து நிபுணர் உடனே பக்கத்தில் இருக்க வேண்டும்.

பால் குடிப்பதுதான் நடைமுறையில் பெரிய பாடு. மார்பைக் கவ்வ உதடு மூட வேண்டும், நாக்கு மேலெழ வேண்டும், இரண்டுக்கும் நடுவே கட்டி உட்கார்ந்திருக்கும். பசியில் குழந்தை அழும், பால் கட்டிக்கொண்டு அம்மா தவிப்பார். ஆபரேஷன் வரை பீய்ச்சிய தாய்ப்பாலை மெல்லிய ட்யூப் வழியாக வயிற்றுக்குக் கொடுப்பார்கள்.

பெரும்பாலான எபுலிஸ் ஒரு சின்னக் காம்பில் தொங்கும், கத்தரிக்காய் காம்பில் தொங்குவது மாதிரி. காம்போடு சேர்த்து வெட்டினால் வேலை முடிந்தது. சிறியது என்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும், பெரியது என்றால் முழு மயக்கம் கொடுத்தும் செய்கிறார்கள். பத்தில் ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கும். அரிதாக, ஈறில் ஒன்றும் நாக்கில் ஒன்றுமாகக்கூட வந்திருக்கிறது.

கட்டி சிறிதாக இருந்து, குழந்தையும் நன்றாகப் பால் குடிக்கிறது என்றால்? வெட்டாமல் பொறுத்திருந்து பார்ப்பதும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான். மாதங்கள் போகப் போகத் தானாகக் கரைந்துபோன கட்டிகள் உண்டு. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அப்படிச் சுரண்டினால் அடியில் காத்திருக்கும் பல் மொட்டும் சேர்ந்து போய்விடும். திரும்ப வராத ஒரு கட்டிக்காக ஒரு குழந்தை பல்லை இழக்க வேண்டுமா என்ன?

ஆனால் இந்த ‘பொறுத்திருப்போம்’ என்கிற முடிவு, அது எபுலிஸ்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே செல்லும். காரணம், அடுத்து வரும் ஆள்.

நீல நிறத்தில் வந்தால் கதையே வேறு

இதுவும் மேல் தாடையின் முன்பக்கம்தான் வரும். இதுவும் பச்சைக் குழந்தைக்குத்தான். ஆனால் பிறந்தவுடன் பெரும்பாலும் தெரியாது, பிறந்த சில மாதங்களில் தலைகாட்டும். நிறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் நீலமோ கறுப்போ கலந்திருக்கும். காம்பெல்லாம் கிடையாது, எலும்புக்குள் வேர் பிடித்தபடி வாரக்கணக்கில் வேகமாகப் பெருக்கும். வளரும் பல்லை இடித்துத் தள்ளும். பெயர், ‘மெலனோட்டிக் நியூரோஎக்டோடெர்மல் ட்யூமர்’. பெயர் நீளம்தான். ஆனால் இந்தப் பெயருக்குள்ளேயே விடை இருக்கிறது. எபுலிஸுக்குக் கிடைக்காத விடை.

1918-ல் ஹங்கேரியைச் சேர்ந்த குரோம்பெகர் இதை முதலில் விவரித்தபோது புற்றுநோய் என்றே பெயர் வைத்தார். கறுப்பு நிறமி இருந்ததால் சிலர் இதைக் கண்ணின் விழித்திரையிலிருந்து தவறி வந்த திசு என்றார்கள். பல்லிடம் இருந்ததால் சிலர் பல் கட்டி என்றார்கள். ஆளுக்கொரு பெயர்.

முடிச்சை அவிழ்த்தது ஒரு குழந்தையின் சிறுநீர். 1966-ல் பொரெல்லோ, கோர்லின் என்ற இரு ஆய்வாளர்கள், இந்தக் கட்டி இருந்த குழந்தையின் சிறுநீரில் ‘வி.எம்.ஏ.’ என்ற வேதிப்பொருள் அதிகமாக இருப்பதைக் கவனித்தார்கள். கட்டியை எடுத்ததும் அது குறைந்துவிட்டது. வி.எம்.ஏ. என்பது அட்ரினலின் வகை ஹார்மோன்கள் உடைந்து வரும் கழிவு. அட்ரினல் சுரப்பியில் வரும் சில கட்டிகளில்தான் இப்படி அதிகரிக்கும். வாயில் இருக்கும் கட்டி எதற்காக அட்ரினல் வேலையைச் செய்கிறது?

இங்கேதான் ‘நியூரல் கிரெஸ்ட்’ என்ற செல் கூட்டம் கதைக்குள் வருகிறது. கரு உருவாகி நான்காவது வாரத்தையொட்டி, வருங்கால மூளையும் முதுகுத்தண்டும் ஒரு குழாயாகச் சுருண்டு மூடும். அந்த மூடும் விளிம்பிலிருந்து சில செல்கள் பிரிந்து கிளம்பும். ஒரே ஊரிலிருந்து கிளம்பி உலகம் முழுக்கச் செட்டில் ஆகும் குடும்பம் மாதிரி, உடம்பெங்கும் போகும். சில தோலுக்குப் போய் நிறமி செல் ஆகும். சில அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியாகும். சில நரம்பு உறையான ஷ்வான் செல்லாகும். சில முகத்துக்கு வந்து தாடை எலும்பாகவும் பல்லின் உள்பகுதியாகவும் மாறும்.

கறுப்பு நிறமி, அட்ரினல் வேதியியல், தாடை, பல். இந்த நான்கையும் ஒரே நூலில் கோக்கக்கூடிய ஒரே உறவு நியூரல் கிரெஸ்ட்தான். கண்ணிலிருந்தும் வரவில்லை, பல் மொட்டிலிருந்தும் வரவில்லை, அதற்கெல்லாம் முந்தைய தலைமுறையிலிருந்து வந்திருக்கிறது. அந்த இரு ஆய்வாளர்கள் முன்வைத்த பெயர்தான் இன்று நிலைத்திருக்கிறது.

இதுவும் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனால் முழுமையாக எடுக்காவிட்டால் திரும்ப வரும் குணம் உண்டு, சிறு விழுக்காட்டில் புற்றுநோயாகவும் நடந்துகொண்டிருக்கிறது. எனவே பொறுத்திருந்து பார்க்கும் பேச்சே இல்லை. எடுத்தபிறகும் குழந்தையை வருடக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். எபுலிஸ் குழந்தைக்கு அதிகமாக வெட்டுவது தப்பு, இந்தக் குழந்தைக்குக் குறைவாக வெட்டுவது தப்பு. வெட்டி எடுத்த எதையும் நோய்க்கூறியல் சோதனைக்கு அனுப்பாமல் விடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ‘நல்லா இருக்கானே, எதுக்கு டெஸ்ட் செலவு’ என்று அந்த ரிப்போர்ட்டை வாங்காமல் போய்விடாதீர்கள்.

வழி தவறிய திசுக்கள்

இன்னும் அரிதான சிலவும் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கிலோ நாக்கின் அடியிலோ இருந்த கட்டியை எடுத்துப் பார்த்தால், உள்ளே இரைப்பையின் உட்சுவர் இருந்திருக்கிறது! மூளைத் திசு இருந்த கட்டிகளும் உண்டு. ‘கோரிஸ்டோமா’ என்பார்கள். திசு நல்ல திசுதான், அட்ரஸ் மட்டும் தப்பு. கருவின் ஆரம்ப வாரங்களில் வாயும் வருங்கால உணவுக்குழாயும் வயிறும் மிக நெருக்கமாக இருந்தவை என்று தெரிந்தால் இது அவ்வளவு ஆச்சரியமாக இருக்காது.

உண்மையிலேயே உயிர்ப் போராட்டமாக மாறக்கூடியது ‘எபிக்னாதஸ்’. மேல் அண்ணத்திலிருந்தோ தொண்டையின் மேற்பகுதியிலிருந்தோ வளரும் டெரடோமா வகைக் கட்டி. கருவின் மூன்று அடுக்குத் திசுக்களும் இதற்குள் இருக்கலாம். முடி, குருத்தெலும்பு, நரம்புத் திசு என்று எல்லாம் கலந்து கிடக்கும். திசு அளவில் பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அளவும் இடமும் மூச்சுப் பாதையை அப்படியே அடைத்துவிடும்.

முன்கூட்டியே ஸ்கேனில் தெரிந்தால் மருத்துவர்கள் செய்வது ஒரு அசாத்தியமான வேலை. சிசேரியனில் குழந்தையின் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுத்து, தொப்புள்கொடியை வெட்டாமல் நிறுத்துவார்கள். நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் ஆக்சிஜன் குழந்தைக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த அவகாசத்தில் குழந்தையின் தொண்டையில் குழாய் பொருத்தி, அல்லது கழுத்தில் துளையிட்டு மூச்சுப் பாதையை உறுதி செய்வார்கள். அதன் பிறகே கொடி வெட்டப்படும். ‘எக்ஸிட்’ என்று இதற்குப் பெயர். பெரிய எபுலிஸ் சிலவற்றுக்கும் இதைத் தயார் நிலையில் வைத்திருந்திருக்கிறார்கள். இதற்காகவே, கடைசி மாதங்களில் ஸ்கேனில் வாய்ப்பக்கம் ஏதாவது தெரிந்தால், பச்சிளம் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் பார்க்கப்போவது அநேகமாக இது

எபுலிஸ் பத்து லட்சம் பிறப்புக்கு ஆறு என்ற கணக்கில்தான் வரும் என்று மருத்துவக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. அதனால் இதைப் படிக்கும் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் ஒன்றைக்கூட நேரில் பார்க்கப்போவதில்லை. ஆனால் புதிதாக அப்பா அம்மா ஆனவர்கள், கொட்டாவி விடும் குழந்தையின் அண்ணத்தில் அரிசிக்குருணை மாதிரி வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில் போனில் தேடுவது அடிக்கடி நடக்கும்.

அது ‘எப்ஸ்டைன் முத்து’. 1880-ல் ப்ராக் நகரக் குழந்தை மருத்துவர் அலோய்ஸ் எப்ஸ்டைன் விவரித்தது. பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருக்கிறது. கருவில் அண்ணம் இடமிருந்து ஒன்றும் வலமிருந்து ஒன்றுமாக இரண்டு தட்டுகளாக வந்து நடுவில் ஒட்டும். ஒட்டும்போது கொஞ்சம் மேல்தோல் நடுவில் சிக்கிக்கொள்ளும். சிக்கியதும் அது கெரட்டினைச் சேர்த்து ஒரு முத்தாகிவிடும். பார்க்கப்போனால் தையல் போட்ட இடத்தில் மாட்டிக்கொண்ட நூல் பிசிறு. ஈறின் மேலேயும் இதே மாதிரி புள்ளிகள் வரலாம், அவை பல் மொட்டுப் பட்டையின் மிச்சம்.

இவற்றுக்கு மருந்து வேண்டாம். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகவே உடைந்து மறைந்துவிடும். குளிப்பாட்டும்போது வாய்க்குள் விரலை விட்டு அழுத்தித் துடைக்கிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. வெள்ளையாக இருக்கிறதே என்று துணி சுற்றிய விரலால் தேய்ப்பதோ, நகத்தால் நிமிண்டுவதோ வேண்டாம். புண்ணாகி, கிருமி தொற்றி, பால் குடிக்காமல் போவதுதான் மிச்சமாகும். ‘சும்மா விடுங்க பாட்டி, அதுவா போயிடும்’ என்று சொல்லிவிடலாம்.

எபுலிஸை எடுத்த குழந்தைகள் பொதுவாகச் சீக்கிரமே வாய் வழியாகப் பால் குடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பிறகு பெற்றோர் கேட்பது, ‘அந்த இடத்துல பல் வருமா?’ என்றுதான். வழக்கமாக வருகிறது. மேல் வெட்டுப்பற்கள் ஒரு வயதை ஒட்டியும், கோரைப்பல் ஒன்றரை வயதைத் தாண்டியும் முளைக்கும். அந்தப் பல் வெளியே எட்டிப் பார்க்கும் வேளையில், கட்டி எங்கே இருந்தது என்று காட்டப் பழைய போட்டோவைத்தான் தேடியெடுக்க வேண்டியிருக்கும்.